காரைக்கால் அம்மையார்: மாங்கனிக்குப் பிறகு வந்த வாழ்வு

நூற்றாண்டு மலருக்குப் பெண்மணி ஒருவரின் வரலாற்றை எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டிருந்தனர். எங்கள் வகுப்புத் தோழியர் மத்தியில் பல பெயர்கள் அடிபட்டன. விஞ்ஞானிகள், வைத்தியர்கள், நாடாண்ட பெண்கள் எல்லாரையும் யோசித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் காரைக்கால் அம்மையாரிடம் வந்து நின்றோம். கீழ் வகுப்பிலேயே சைவநெறிப் புத்தகத்தில் படித்து முடித்த கதைதானே என்று சிலர் கேட்கக்கூடும். சிறுவயதில் படித்து முடித்துவிட்டதுதான் பிரச்சினை. மாங்கனி வந்தது, மாங்கனி மறைந்தது, கணவன் பயந்தான், அம்மையார் தலையால் நடந்தார் என்று நான்கு வரியில் விடை எழுதிப் புள்ளியும் வாங்கிவிட்டோம். பிறகு ஒருவரும் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. பேரப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வயதில் பெரியபுராணத்தை எடுத்துப் படித்தால், அங்கே இருப்பது கேளாமல் வந்த ஒரு வரம். பள்ளிக்கூடப் பிள்ளையின் வயதுடைய ஒரு பெண். ஒரே மத்தியானத்தில் அவருடைய குடும்பம் அவர் கையை விட்டுப் போன கதை.

அவருடைய இயற்பெயர் புனிதவதி. கடல் வணிகர் நிறைந்த காரைக்காலில் வணிகர் தலைவர் தனதத்தனாரின் ஒரே மகள். கி.பி. 6ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்தவர் என்பது அறிஞர்கள் பொதுவாக ஏற்கும் கணிப்பு. தேவாரம் பாடிய மூவருக்கும் முந்தியவர். மணப்பருவம் வந்ததும், நாகபட்டினத்து வணிகர் நிதிபதியின் மகன் பரமதத்தனுக்கு அவரை மணம்செய்து கொடுத்தார்கள். மணமகளின் வயதைச் சேக்கிழார் எண்ணிச் சொல்லவில்லை. ஆனால் அதே கரையில், அதே வணிகர் குலத்தில் பிறந்த கண்ணகிக்குத் திருமணத்தின்போது 12 வயது என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் புனிதவதியார் நமது பாடசாலையில் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாகத் திரியும் பிள்ளைகளின் வயதில்தான் ஒரு வீட்டின் திறப்பைக் கையில் வாங்கியிருப்பார்.

தனதத்தனாருக்கு மகளைப் பிரிய மனமில்லை. நாகபட்டினத்துக்கு அனுப்பாமல், காரைக்காலில் தம் மாளிகைக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டை அமைத்துக் கொடுத்து, நிறைந்த செல்வமும் கொடுத்து மருமகனையும் அங்கேயே இருத்திக்கொண்டார். சீதனமாக வீடும் கொடுத்து மகளைப் பக்கத்து வளவிலேயே வைத்துக்கொள்வது நமக்குப் புதுமையான ஏற்பாடல்ல. பரமதத்தன் வியாபாரத்தில் கெட்டிக்காரன். புனிதவதியார் வீட்டைப் பார்த்தார். சிவனடியார் வந்தால் சோறிட்டார். கேட்டவருக்குப் பொன்னும் உடையும் கொடுத்தார். குறையென்று சொல்ல ஒன்றுமில்லாத குடும்பம்.

அந்த நாளைக் கொஞ்சம் மெதுவாகப் பார்ப்போம். கடையில் இருந்த பரமதத்தனைக் காண வந்த யாரோ இரண்டு மாம்பழம் கொடுக்கிறார்கள். அவன் அவற்றை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறான். அவை எந்த இனமோ நமக்குத் தெரியாது. நமது கறுத்தக்கொழும்பானைப் போல ஒன்றாக இருந்திருந்தால், பின்னர் அவன் இரண்டாவதையும் கேட்டதில் வியப்பில்லை. அவன் வருமுன்னே ஓர் அடியார் பசியோடு வருகிறார். சோறு ஆகிவிட்டது, கறி ஆகவில்லை. பசித்து வந்தவரைக் காத்திருக்க வைக்க மனமில்லாமல், புனிதவதியார் சோற்றோடு மாம்பழம் ஒன்றை வைத்துப் பரிமாறுகிறார். அவர் உண்டு வாழ்த்திப் போய்விடுகிறார். கறி இல்லாத நேரத்தில் விருந்தாளி வந்தால் இருப்பதை வைத்துச் சமாளிப்பது எந்த வீட்டிலும் நடப்பதுதான்.

மத்தியானம் கணவன் வந்து குளித்துச் சாப்பிட இருக்கிறான். எஞ்சிய மாம்பழத்தை வைக்கிறார். அதன் சுவையில் ஆசை தீராமல், மற்றதையும் கொண்டுவரச் சொல்கிறான். ஒன்றை அடியாருக்குக் கொடுத்துவிட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கதையே இல்லை. ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கணவனிடம் இல்லையென்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு வாய் வரவில்லை. எடுக்கப் போகிறவர் போல உள்ளே போய், என்ன செய்வதென்று தெரியாமல் நின்று இறைவனை நினைக்கிறார். கையில் ஒரு பழம் வந்துவிடுகிறது.

நாம் கவனித்த வரையில், அம்மையார் வரலாற்றைச் சொல்லுகிறவர்கள் பலரும் இந்த இடத்தில் பக்தியின் பெருமையைப் பேசிவிட்டு அப்பால் போகிறார்கள். நமக்கோ அந்தக் குசினிதான் கண்ணில் நிற்கிறது. அற்புதம் என்பது மலையுச்சியிலோ கோயில் வாசலிலோ நடக்கவில்லை. ஒரு சின்னப் பெண் பானைசட்டிகளுக்கு நடுவில் நின்று பதறிய நேரத்தில் நடந்தது. அவர் கேட்டது வல்லமையை அல்ல. ஒரு நேரத்துச் சங்கடம் தீர வேண்டும், அவ்வளவே.

அந்தப் பழத்தை உண்டவனுக்குச் சந்தேகம் வந்தது. முதல் பழத்தின் சுவை வேறு, இதன் சுவை வேறு. இப்படி ஒரு பழம் மூவுலகிலும் கிடையாது. இது எங்கே கிடைத்தது என்று கேட்டான். அம்மையாருக்கு இரண்டு பக்கமும் முட்டுப்பட்டது. இறைவன் அருளை வெளியில் சொல்வது தகாது; கணவனிடம் உண்மையை மறைப்பதும் தகாது. பக்கத்து வீட்டில் தந்தார்கள் என்று ஒரு பொய் போதுமாக இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார்.

அவன் நம்பவில்லை. அப்படியானால் இன்னொன்றை அதேபோல அழைத்துக் காட்டு என்றான். இந்த இரண்டாவது அழைப்பை நினைத்தால்தான் நமக்கு நெஞ்சு பிசைகிறது. முதல் பழம் உணவுக்காக வந்தது. இரண்டாவது, சாட்சி சொல்ல வரவேண்டியதாயிற்று. மறுபடி உள்ளே போய், இப்போது தராவிட்டால் என் சொல் பொய்யாகிவிடும் என்று வேண்டி நின்றார். பழம் வந்தது. கணவன் கையில் வைத்ததும் மறைந்துவிட்டது. அதோடு, மனைவி என்று நினைத்திருந்தவள் ஒரு தெய்வம் என்று முடிவுகட்டினான். அச்சம் பிடித்துக்கொண்டது. ஒருவருக்கும் எதுவும் சொல்லாமல், அதே வீட்டில் உறவின்றி ஒதுங்கி வாழ்ந்தான்.

சேக்கிழார் பரமதத்தனைத் திட்டவில்லை. நாமும் திட்டப் போவதில்லை. அவன் கொடுமைக்காரன் அல்ல, குடிகாரன் அல்ல, பணம் கேட்டு அடித்தவனும் அல்ல. பயந்துபோன ஒரு சாதாரண மனிதன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தாழ்த்தி ஒதுக்குவதைப் போலவே உயர்த்தி ஒதுக்குவதும் உண்டு. தெய்வம் என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் அவளோடு இருந்து சாப்பிட வேண்டியதில்லை, கதைக்க வேண்டியதில்லை, அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்க வேண்டியதில்லை. உண்மையைச் சொன்னதற்கு அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது இதுதான்.

இப்படி இளவயதில் வரம் பெற்று அதனால் அல்லற்பட்ட பெண்கள் வேறு நாடுகளிலும் இருந்திருக்கிறார்கள். பிரான்ஸ் நாட்டு ஜோன் ஒஃப் ஆர்க் 13 வயதளவில் வானத்துக் குரல்களைக் கேட்கத் தொடங்கினார். படை நடத்தி அரசனுக்கு முடிசூட்டுவித்தும், அந்தக் குரல்களைப் பற்றியே நீதிமன்றில் துருவித் துருவி விசாரிக்கப்பட்டு, 1431ஆம் ஆண்டு மே 30ஆம் திகதி, 19 வயதளவில் தீயிலிடப்பட்டார். நம்மோடு படித்த கத்தோலிக்கத் தோழியர் நன்கறிந்த லூர்து நகர் பெர்னதெத்துக்கு 1858இல் தேவமாதாவின் காட்சி கிடைத்தபோது 14 வயது. பொலிஸ் அதிகாரியும் குருவானவரும் மாறி மாறிக் கேள்வி கேட்டார்கள். ஊர்ச்சனம் வீடு தேடி வந்து பார்த்துக்கொண்டேயிருந்தது. அவர் கன்னியர் மடத்தில் ஒதுங்கி, நோயோடு போராடி 35 வயதில் காலமானார். அவர்களை விசாரிக்க நீதிமன்றமும் அதிகாரிகளும் வேண்டியிருந்தது. புனிதவதியாரை விசாரித்தவன் ஒரே ஆள். சோற்றுக்கு முன் இருந்தபடியே விசாரித்து முடித்துவிட்டான்.

சில காலத்தின் பின் பரமதத்தன் கடல் வாணிபம் செய்யப்போவதாகச் சொல்லிக் கப்பலேறினான். வீட்டாருக்கு அது இயல்பான காரியம். அந்த ஊரில் கப்பலேறாத ஆண் யார்? பொருளீட்டித் திரும்பியவன் காரைக்காலுக்கு வரவில்லை. பாண்டிநாட்டுக் கரையில் ஒரு பட்டினத்தில் தங்கி, அங்கே ஒரு வணிகரின் மகளை மணந்துகொண்டான். பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான். தான் தொழும் தெய்வத்தின் பெயர் அது.

இவ்வளவு நடந்தும் காரைக்காலில் இருந்தவருக்கு ஒன்றும் தெரியாது. கப்பல் வருமென்று நினைத்துக்கொண்டு, இல்லறத்துக்குரிய கடமைகளை வழுவாமல் செய்து கொண்டிருந்தார் என்று ஓரிரு வரியில் பெரியபுராணம் சொல்லிவிடுகிறது. அந்த ஓரிரு வரிக்குள் எத்தனை வருடம் என்பதை வாசிக்கிறவர்களே கணக்கிட வேண்டும். ஒருவன் கடல் கடந்து, பொருள் சேர்த்து, வேற்றூரில் காலூன்றி, கலியாணம் செய்து, பிள்ளைக்குப் பெயரும் வைத்துவிட்டான். அவ்வளவு காலமும் இங்கே ஒரு பெண் அடுப்பு மூட்டினாள், விளக்கேற்றினாள், வாசலைப் பார்த்தாள்.

வன்னியில் பிறந்த நமக்கு இந்த இடத்தைக் கடந்துபோவது எளிதல்ல. 2009க்குப் பிறகு நம் ஊர்களில் எத்தனை வீடுகளில் இந்த வாசல் பார்க்கும் வேலை நடந்தது, இன்னும் நடக்கிறது என்பது வெளிநாட்டில் இருக்கும் தோழியருக்கும் தெரியும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மாரும் மனைவிமாரும் படங்களை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார்களே, அவர்களில் நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களும் உண்டு. குங்குமம் வைப்பதா விடுவதா என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்ல முடியாத வாழ்க்கை அது. பரமதத்தன் போனதும் நம்மவர்கள் காணாமற்போனதும் ஒன்றல்ல; ஒன்றென்று நாம் சொல்லவும் இல்லை. இருந்தவள் பட்டது மட்டும் ஒன்றுதான்.

பரமதத்தன் இருக்கும் இடம் உறவினருக்குத் தெரியவந்தது. அவர்கள் நல்லதைச் செய்வதாக நினைத்து, புனிதவதியாரைச் சிவிகையில் ஏற்றி அந்தப் பட்டினத்துக்குக் கொண்டுபோனார்கள். ஊருக்கு வெளியே ஒரு சோலையில் இறங்கி ஆள் அனுப்பினார்கள். பரமதத்தன் இரண்டாம் மனைவியையும் மழலை மாறாத குழந்தையையும் கூட்டிக்கொண்டு எதிரே வந்தான். வந்தவன் முதல் மனைவியின் காலில் விழுந்தான். உம்முடைய அருளால் வாழ்கிறேன், இந்தப் பிள்ளைக்கும் உமது பெயரையே இட்டேன் என்றான்.

அம்மையார் மருண்ட மானைப் போல் ஒதுங்கி உறவினர் பக்கத்தில் போய் நின்றார் என்கிறார் சேக்கிழார். இந்த ஒதுக்கம்தான் நமக்கு முக்கியம். பல வருடம் காத்திருந்த ஒரு பெண், தன் கணவன் தன்னைக் கும்பிடுவதைக் கண்டு நடுங்கிப் பின்வாங்குகிறார். உறவினர் திகைத்துப்போய், மனைவியை வணங்குவது என்ன முறை என்று கேட்கிறார்கள். இவர் மானிடப் பெண் அல்லர், பெரிய தெய்வம். அதை அறிந்துதான் பிரிந்தேன். நீங்களும் வணங்குங்கள் என்று அவன் சபையறியச் சொல்கிறான். வீட்டுக்குள் இருந்த பயத்தை இப்போது ஊரறியச் செய்துவிட்டான். இனி அவர் காரைக்காலுக்குத் திரும்பிப்போய் யாராக இருப்பது? மகளாகவா, கைவிடப்பட்டவளாகவா, தெய்வமாகவா?

அவர் இறைவனிடம் ஒன்று கேட்டார். இவன் கொள்கை இதுவானால், இவனுக்காக நான் சுமந்த இந்த அழகுச் சதை எனக்கு வேண்டாம். உன்னுடைய பேய்க்கணத்தில் ஒருத்தியின் வடிவம் தா என்றார். முதன்முறையாகத் தமக்கென்று ஒன்று கேட்கிறார். முன்பு கேட்ட இரண்டு பழமும் கணவனுக்காக. உடம்பில் தசை வற்றி எலும்பாய்ப் பேய்வடிவம் பெற்றார். வானிலிருந்து பூமழை பெய்தது என்கிறது புராணம். கூட்டி வந்த உறவினர் பயந்து, கும்பிட்டுவிட்டு, போய்விட்டார்கள்.

இளமையையும் அழகையும் வேண்டாமென்று விட்டது பெண்மையைத் தாழ்த்துவதாகாதா என்று எங்கள் தோழியரில் ஒருவர் வாதிட்டார். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அழகை வைத்துக்கொண்டே தனியாக வாழ ஒரு பெண்ணுக்கு ஊர் இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பதும் சரிதான். ஆனால் அந்த ஊர் அப்படி இடம் கொடுக்கும் ஊர் அல்ல. தந்தை வீட்டின் மூலையில் வாழாவெட்டியாக இருப்பது ஒரு வழி. கணவன் சொன்னபடி தெய்வமாகிப் பூசை ஏற்பது இன்னொரு வழி. அவர் இரண்டையும் விட்டுவிட்டுப் பெண்கள் கால்வைக்காத சுடுகாட்டை எடுத்துக்கொண்டார். அங்கே ஒருவரும் அவரை எதுவும் கேட்க முடியாது. அவர் நூல் பாடியதும் அந்த வடிவத்தில்தான்.

அம்மையார் பாடியவை நான்கு: அற்புதத் திருவந்தாதி 101 பாட்டு, திருவிரட்டை மணிமாலை 20 பாட்டு, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. எல்லாம் 11ஆம் திருமுறையில் உள்ளன. ஒரு பாட்டின் முடிவுச் சொல்லே அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும்படி அந்தாதியை ஒரு முழு நூலாகச் செய்தவர்களில் நமக்குத் தெரிய அவரே முந்தியவர். இறைவன் மேல் பண்ணோடு பதிகம் பாடும் வழியும் அவரிடமிருந்தே வருகிறது. தேவாரப் பதிகங்களுக்கு முந்தியதாகையால்தான் மூத்த திருப்பதிகம் என்று பெயர். பன்னிரு திருமுறை பாடிய 27 பேரில் பெண் அவர் ஒருவரே. அறுபத்து மூவரில் பெண்கள் மூவர்; மங்கையர்க்கரசியாரும் இசைஞானியாரும் பாடல் விட்டுச் செல்லவில்லை.

ஒரு செய்தியை மூத்த வகுப்புப் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது. அம்மையாருடைய பாடல்களில் மாங்கனி இல்லை. கணவன் இல்லை. சிவிகையும் இல்லை. பிறந்து மொழி பயின்ற நாளிலிருந்தே இறைவன்மேல் காதல் கொண்டதாகச் சொல்கிறார். தம்மைக் காரைக்கால் பேய் என்று பெயர் சொல்லி முடிக்கிறார். அதற்கு மேல் தம் குடும்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மாங்கனிக் கதையை நமக்கு விரித்துத் தருபவர், சுமார் அறுநூறு ஆண்டு பிந்தி, 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். நம் வீடுகளுக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்ததில் பெரும்பங்கு நல்லூர் ஆறுமுக நாவலருக்கு உண்டு. 1852இல் அவர் அச்சிட்ட பெரியபுராண வசனம்தான் பாட்டுப் புரியாத பேருக்கும் கதையைத் திறந்துவிட்டது. ஊர் மறக்காமல் வைத்திருந்தது மாங்கனியை. அம்மையார் எழுதி வைத்ததோ சுடுகாட்டையும் அங்கே நடந்த ஆட்டத்தையும்.

அந்தச் சுடுகாட்டுப் பதிகங்களைப் படிக்க வன்னியில் வளர்ந்தவர்களுக்கு அகராதி அதிகம் தேவைப்படாது. காரையும் சூரையும் கள்ளியும் எட்டியும் படர்ந்த பற்றைக்காடு, ஆந்தை அலறல், நரி ஊளை, அணைந்தும் அணையாத நெருப்பு. பட்டணத்துப் பேராசிரியர்கள் அடிக்குறிப்புப் போட்டு விளக்கும் செடிகளை நாம் விறகு பொறுக்கப் போன வழியில் கண்டிருக்கிறோம், முள்ளும் குத்தியிருக்கிறது. அந்தக் காட்டில் பேய்ப்பெண்கள் பிள்ளை வளர்க்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், பயந்து ஓடுகிறார்கள். பேய்க்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. அதன் நடுவில் இறைவன் ஆடுகிறான். பயங்கரமாக எழுதவேண்டும் என்று எழுதியதல்ல அது. அங்கே குடியிருக்கும் ஒருத்தி அயலட்டையைச் சொல்வதுபோல இருக்கிறது.

கயிலைக்குப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்வோம், எல்லாருக்கும் தெரிந்ததுதான். இறைவன் உறையும் மலையைக் காலால் மிதிக்கலாகாது என்று தலையால் நடந்து ஏறினார். எலும்புருவாக ஏறி வருவது யாரென்று உமையம்மை வியந்து கேட்க, இவள் நம்மைப் பேணும் தாய் என்றார் இறைவன். அம்மையே என்றழைத்தார், அப்பா என்று அவர் பாதத்தில் விழுந்தார். தாய் தந்தை இல்லாத இறைவனுக்கு அதனால் ஒரு தாய் கிடைத்தாள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கணவன் பிள்ளைபெற்று வேறொருத்தியைத் தாயாக்கினான். இவரை அம்மா என்றழைக்க ஒரு பிள்ளை இருக்கவில்லை. அந்த ஒரு சொல்லில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதைச் சேக்கிழார் உணர்ந்தே வைத்திருப்பார் என்று நாம் நினைக்கிறோம். என்ன வேண்டும் என்று இறைவன் கேட்டபோது, பிறவாமை வேண்டும், பிறந்தால் உன்னை மறவாமை வேண்டும், நீ ஆடும்போது உன் அடியின் கீழ் இருக்க வேண்டும் என்றார். வீட்டையோ கணவனையோ நியாயத்தையோ கேட்கவில்லை.

அவருக்குக் குறித்துக் கொடுக்கப்பட்ட இடம் திருவாலங்காடு. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், அரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தினசபை அது. காலை மேலே தூக்கி ஆடும் ஊர்த்துவ தாண்டவத்தின் தலம். பிற்காலத்தில் திருஞானசம்பந்தர் அங்கே வந்தபோது, அம்மையார் தலையால் நடந்த தலத்தைக் காலால் மிதிக்க அஞ்சி ஊருக்குப் புறத்தே தங்கினார் என்பது வரலாறு. சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் அவரைப் பேயார் என்றே குறிக்கிறார். அவர் தாமே எடுத்துக்கொண்ட பெயரை மரியாதை விகுதியோடு திருப்பிச் சொன்னதாகவே நாம் கொள்கிறோம்.

கோயில்களில் அறுபத்து மூவரை வரிசையாக வைத்திருக்கும் இடத்தில் கூர்ந்து பாருங்கள். எல்லாரும் நிற்க, அம்மையார் மட்டும் இருப்பார். நம் பிள்ளைகளுக்கு இதைக் காட்டிக்கொடுத்தால் மறக்க மாட்டார்கள். அவருடைய சிற்பங்கள் போய்ச் சேர்ந்த தூரமும் பெரிது. பொலன்னறுவைச் சிவாலயத்தில் கிடைத்த சோழர்காலச் செப்புத் திருமேனிகளில் கையில் தாளத்தோடு இருக்கும் அம்மையாரும் உண்டு. ஆகவே நம் தீவில் ஆயிரம் ஆண்டுக்குக் கிட்ட அவரை வைத்துப் போற்றியிருக்கிறார்கள். கம்போடியாவில் 967ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பந்தியாய் சிரெய் கோயிலில், ஆடும் சிவனின் காலடியில் வற்றிய உடம்போடு இருக்கும் பெண் அவரே என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் அருங்காட்சியகத்திலும், கன்சாஸ் நகர நெல்சன் அற்கின்ஸ் அருங்காட்சியகத்திலும் சோழர்கால அம்மையார்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் தோழியர் போய்ப் பார்த்து எழுதுங்கள். விலா எலும்பு எண்ணக்கூடியதாக இருக்கும்; ஆனால் முகத்தைப் பார்த்தால் சிரிக்கிறார். பிரான்சில் இருப்பவர்களுக்கும் ஒரு செய்தி: அம்மையாரின் பாடல்கள் முழுவதும் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு 1956இல் புதுச்சேரியில் நூலாக வந்தன. தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்கு உதவும்.

எங்கள் தலைமுறைக்கு அம்மையார் என்றால் 1973இல் வந்த ஏ.பி. நாகராஜனின் திரைப்படமும் நினைவுக்கு வரும். இளம் புனிதவதியாக லட்சுமி, பேயுருப் பெற்றபின் கே.பி. சுந்தராம்பாள். படம் பார்த்து வந்த நம் தாய்மார் பரமதத்தனை ஏசியபடியே வந்தார்கள். நம் மண்ணில் வற்றாப்பளைக் கண்ணகைக்குக் கிடைத்த இடம் அம்மையாருக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளையில் திரளும் சனத்தை நினைத்தால், கைவிடப்பட்ட இன்னொரு வணிகர் வீட்டுப் பெண்ணுக்கு பங்குனிச் சுவாதியில் நடக்கும் குருபூசை எவ்வளவு சிறியது என்று தெரியும். கண்ணகி கேள்வி கேட்டு நகரை எரித்தாள். புனிதவதியார் யாரையும் கேள்வி கேட்கவுமில்லை, எதையும் எரிக்கவுமில்லை. சனத்துக்குக் கோபம் கொண்ட தாயை விளங்கிக்கொள்வது எளிது போலும்.

காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடக்கிறது. புனிதவதியாரின் திருமணத்தில் தொடங்கி ஒவ்வொரு கட்டமாக நடத்திக் காட்டுவார்கள். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது, வீடுகளின் மாடியிலும் கூரையிலும் நின்று சனங்கள் மாம்பழங்களை அள்ளி வீசுவார்கள். கீழே நிற்பவர்கள் ஏந்திப் பிடிப்பார்கள். 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பல் சேவை மீண்டும் தொடங்கிவைக்கப்பட்டது. பரமதத்தனின் ஊரில் இறங்கினால் புனிதவதியாரின் ஊர் வடக்கே 20 கிலோமீற்றர் அளவுதான். ஆனி மாதத்தில் போக நினைக்கும் தோழியர் கப்பல் ஓடும் நாட்களை முதலில் விசாரித்துக்கொள்ளவும். அங்கே பழம் பிடிக்கச் சேலைத்தலைப்பை விரித்துக்கொண்டு நிற்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்தான்.